சிதறிய வாக்கும் சேர்ந்த வாக்கும்
(ஊராட்சித் தேர்தலில் விகிதாசார முறை: ஒரு விளக்கம்)

நாட்டின் ஆட்சி மூன்று படிகளைக் கொண்டது. நடுவண் அரசு முதற்படி; மாநில அரசு இரண்டாம் படி; ஊராட்சி மன்றம் மூன்றாம் படி. இவற்றுள் நம் வீட்டு வாசலுக்கு மிக அருகில் இருப்பது மூன்றாவதேயாகும். குப்பை அள்ளுதல், கால்வாய் துப்புரவு, தெருவிளக்கு, சந்தை, கடை உரிமம், விளையாட்டுத் திடல், பொது மண்டபம் ஆகிய யாவும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பில் அடங்கும். ஓர் ஊர் மழைக்காலத்தில் வெள்ளத்தில் மூழ்குவதும் மூழ்காமல் தப்புவதும் பல வேளைகளில் அம்மன்றத்தின் விழிப்பைப் பொறுத்ததே.

அத்தகைய மன்றத்தில் அமர்ந்து முடிவு செய்பவர் யார்? அவரைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? வாக்குகளை எண்ணும் முறை மாறினால் மன்றத்தில் அமர்வோரும் மாறுவரா? தோட்டப்புற மக்கள் இவ்வினாக்களைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம். ஏனெனில், எண்ணிக்கையில் குறைந்தும் பல தோட்டங்களில் சிதறியும் வாழும் மக்களுக்கு, வாக்குரிமை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியமானது அவ்வாக்கு எண்ணப்படும் முறையும் ஆகும்.

பேராக் கண்ட ஊராட்சித் தேர்தல்

மலாயாவில் ஊராட்சித் தேர்தல் புதுமையன்று. பினாங்கு ஜார்ஜ்டவுனில் 1857-ஆம் ஆண்டிலேயே நகராண்மைத் தேர்தல் நடைபெற்றது. அது 1913-இல் நிறுத்தப்பட்டது. பின்னர் 1950-ஆம் ஆண்டின் ஊராட்சித் தேர்தல் சட்டத்தின்கீழ், 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் தேர்தல் நடந்தது. நாடு விடுதலை பெறுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே நகர மக்கள் வாக்குச்சீட்டைக் கையில் ஏந்தினர் என்பது கருதத்தக்கது. அதே 1952-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம், புதுக்கிராமங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் மன்றங்களை வழங்கியது.

பேராக்கில் இதன் சிறப்பான எடுத்துக்காட்டு ஈப்போ. 1950-களின் இறுதியில் மக்கள் முற்போக்குக் கட்சி ஈப்போ நகர மன்றத்தில் பெரும்பான்மை பெற்றது. அக்கட்சியின் தலைவரும் வழக்கறிஞருமான டி.ஆர். சீனிவாசகம் மன்றத்தின் தலைவராக விளங்கினார். அவர் பெயர் தாங்கிய பூங்கா ஈப்போவில் இன்றும் உள்ளது. அந்நகரம் 1962-இல் நகராண்மைக் கழகமாகவும், 1988 மே 27-இல் மாநகராகவும் உயர்ந்தது.

எனினும், நகரத்துக்கும் புதுக்கிராமத்துக்கும் கிட்டிய இவ்வாய்ப்பு தோட்டத்துக்குள் பெரும்பாலும் நுழையவில்லை. தோட்டம் தனியார் நிலம். லயமும் கால்வாயும் தோட்டச் சாலையும் நிருவாகத்தின் பொறுப்பு. ஆகவே, சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் முதலிய வட்டாரங்களில் பால்மரம் வெட்டிய தொழிலாளி, பக்கத்து நகரில் தேர்தல் நடப்பதைக் கண்டாரேயன்றி, அதில் பெரும்பாலும் பங்கு பெற்றாரில்லை.

இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலின் காரணமாக 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 1968 டிசம்பரில் நிறைவுற்ற அதன் அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களே வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஆயினும் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் வேறு வழியைத் தேர்ந்தது. அதன்படி, மன்ற உறுப்பினரை மாநில அரசே நியமனம் செய்கிறது. பினாங்கு மாநிலம் தேர்தலை மீண்டும் நடத்த முற்பட்டபோது, மாநிலத்துக்கு அவ்வதிகாரம் இல்லையென 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் பேராக்கின் 15 ஊராட்சி மன்றங்களும் நியமன உறுப்பினரைக் கொண்டவையே.

ஊராட்சித் தேர்தல் மீண்டும் வேண்டுமா என்னும் விவாதம் அவ்வப்போது எழுவதுண்டு. வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் தத்தம் காரணங்களைக் கூறுவர். ஆனால், தேர்தல் வந்தால் எம்முறையில் வரவேண்டும் என்பதைப் பலரும் ஆராய்வதில்லை. அதனை ஒரு கணக்கின் வாயிலாக விளக்குவோம்.

ஒரே வாக்கு, இரு விளைவுகள்

ஒரு மன்றத்தில் 12 இடங்கள் உள்ளன எனக் கொள்வோம். வாக்களித்தோர் 12,000 பேர். பூ, விளக்கு, படகு என மூன்று சின்னங்கள் போட்டியிடுகின்றன. பூவுக்கு 5,300 வாக்குகளும் விளக்குக்கு 4,100 வாக்குகளும் படகுக்கு 2,600 வாக்குகளும் கிடைக்கின்றன.

முதலாவது, வட்டார முறை. ஊரை 12 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதிக வாக்குப் பெற்ற ஒருவரை வென்றவராக அறிவிப்பது இம்முறை. நம் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்கள் நடைபெறுவது இவ்வாறே. வட்டாரத்துக்கு 1,000 பேர் வாக்களித்தனர் எனக் கொள்வோம். 8 வட்டாரங்களில் பூ 490, விளக்கு 290, படகு 220 பெறுகின்றன. மற்ற 4 வட்டாரங்களில் பூ 345, விளக்கு 445, படகு 210 பெறுகின்றன. கூட்டிப் பார்த்தால் மேற்சொன்ன மொத்தமே வரும். முடிவு யாது? பூவுக்கு 8 இடம். விளக்குக்கு 4 இடம். படகுக்கு ஓரிடமும் இல்லை. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மக்கள் படகுக்கு வாக்களித்திருந்தும், மன்றத்தில் அவர்களுக்காகப் பேச ஒருவரும் இலர்.

இரண்டாவது, விகிதாசார முறை. இங்கே ஊர் முழுவதும் ஒரே தொகுதி. ஒவ்வொரு சின்னமும் வேட்பாளர் பட்டியல் ஒன்றைத் தருகிறது. 12,000 வாக்குகளை 12 இடங்களால் வகுத்தால், ஓர் இடத்தின் விலை 1,000 வாக்கு. பூவின் 5,300 வாக்கில் 5 முழு இடம், மீதி 300. விளக்கின் 4,100 வாக்கில் 4 முழு இடம், மீதி 100. படகின் 2,600 வாக்கில் 2 முழு இடம், மீதி 600. ஆக 11 இடங்கள் நிரம்பின. எஞ்சிய ஓர் இடம், மீதி அதிகமுள்ள படகுக்குச் செல்லும். முடிவு: பூ 5, விளக்கு 4, படகு 3.

வாக்குச் சீட்டில் ஒரு கோடுகூட மாறவில்லை. எண்ணிய முறை மட்டுமே மாறியது. எனினும் ஒரு சாரார் மன்றத்துக்கு வெளியே நின்றதும், உள்ளே மூன்று நாற்காலியில் அமர்ந்ததும் அம்மாற்றத்தின் விளைவேயாம்.

பால் நிறுக்கும் இடத்தில் நடப்பதை இதனுடன் ஒப்பிடலாம். ஒவ்வொருவர் வாளியும் தனித்தனியே நிறுக்கப்பட்டு, அவரவர் பெயரில் எடை பதியப்படுகிறது. அவ்வாறன்றி, ஒவ்வொரு மலைக்காட்டிலும் அதிகப் பால் கொணர்ந்த ஒருவருக்கே அக்காட்டின் முழுக் கூலியும் என்று விதித்தால் எவரேனும் ஒப்புவரா? விகிதாசார முறையின் அடிப்படை, கொணர்ந்த பாலுக்கு ஏற்ற கூலி என்பது போன்றதே.

இக்கணக்கில் மற்றொரு நுட்பமும் உண்டு. படகின் 2,600 பேரும் மூன்று வட்டாரங்களில் நெருங்கி வாழ்ந்திருப்பின், வட்டார முறையிலேயே அவர்களுக்கு இடம் கிடைத்திருக்கும். ஆகவே, வட்டார முறை நெருங்கி வாழ்வோருக்குச் சாதகமானது. சிதறி வாழ்வோருக்குப் பாதகமானது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியும், அங்கிருந்த குடும்பங்கள் பல தாமான்களுக்குப் பிரிந்து சென்ற பேராக்கில், இவ்வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கன்று.

மலையகம் காட்டும் பாடம்

தோட்டத் தமிழர் விகிதாசார முறையில் ஊராட்சிக்கு வாக்களித்த நாடு ஒன்று உண்டு. அது இலங்கை. நுவரெலியா, அட்டன், மஸ்கெலியா முதலிய மலைப்பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவரின் வரலாறு, இவ்விடயத்தில் நமக்கு நல்ல பாடமாகும்.

1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் அவர்களுள் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி பல குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. எஞ்சியோருக்குக் குடியுரிமை சிறிது சிறிதாகவே கிடைத்தது. 1988-ஆம் ஆண்டின் சட்டமும் 2003-ஆம் ஆண்டின் சட்டமும் அப்பணியை நிறைவு செய்தன.

இதற்கிடையே அந்நாட்டின் தேர்தல் முறையும் மாறியது. 1977-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் தொகுதி முறையில் நடந்தபோது, ஏறக்குறைய பாதி வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140 இடங்களைப் பெற்றது. நூற்றுக்கு முப்பது அளவில் வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை 8 இடங்களே. அதே தேர்தலில் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் வெற்றி பெற்றார். நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியாக இருந்தமையால், மூன்றாவது உறுப்பினராக அவர் வர முடிந்தது. ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கும் தொகுதியாக இருந்திருப்பின் அவ்வாய்ப்பு இராது. 1978-ஆம் ஆண்டின் அரசமைப்பு நாடாளுமன்றத்துக்கு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. ஊராட்சித் தேர்தலும் அதே காலத்தில் அம்முறைக்கு மாறியது.

1987-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த பிரதேச சபைகளுக்கு 1991-இல் முதல் தேர்தல் நடந்தது. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து தமிழ் உறுப்பினர் சபைகளுக்குச் சென்றனர். ஆனால் அங்கே ஒரு முட்டுக்கட்டை காத்திருந்தது. அதே சட்டத்தின் 33-ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டம் தனியார் நிருவாகத்தில் உள்ளது என்பதே காரணம். வாக்கு தோட்டத்திலிருந்து சென்றது. பணமோ தோட்ட வாயிலில் நின்றுவிட்டது. தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களின் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட அவ்வுறுப்பினரால் இயலவில்லை. இப்பிரிவு திருத்தப்பட்டது 2018-ஆம் ஆண்டிலேதான். அதாவது, முதல் தேர்தலுக்குப் பின் 27 ஆண்டுகள் கழிந்த பிறகு!

மற்றொரு குறையும் இருந்தது. நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரதேச சபைகளும் தனித்தனியே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்தன. நாட்டின் ஏனைய சபைகள் பல இதனினும் மிகச் சிறியவை. நெடுநாள் கோரிக்கைக்குப் பின், 2018-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னதாக இவ்விரண்டும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியவை புதிய சபைகளாயின.

ஆக, மலையகம் காட்டும் பாடம் மூன்று. எண்ணும் முறை நேர்மையாக இருத்தல் வேண்டும். எல்லைப் பிரிவு நேர்மையாக இருத்தல் வேண்டும். மன்றத்தின் அதிகாரம் தோட்ட வாயிலைக் கடந்து உள்ளே வருதல் வேண்டும். மூன்றில் ஒன்று குறையினும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும்.

கலப்பு முறை

முழு விகிதாசார முறையிலும் சிக்கல்கள் தோன்றின. ஊர் முழுவதும் ஒரே தொகுதியாதலால், "எங்கள் வட்டார உறுப்பினர் இவர்" என்று சுட்டிக்காட்ட முடியவில்லை. பட்டியலில் உள்ளவருள் யார் வரவேண்டும் என்பதற்கு மக்கள் விருப்பு வாக்கு அளித்தமையால், ஒரே கட்சியின் வேட்பாளர்களே தமக்குள் போட்டியும் பூசலும் கொண்டனர். ஆதலால் இலங்கை, ஊராட்சித் தேர்தலில் இரு முறைகளையும் கலந்தது. 2018 பிப்ரவரி 10-ஆம் நாள் புதிய முறையில் முதல் தேர்தல் நடைபெற்றது. உறுப்பினருள் நூற்றுக்கு 60 பேர் வட்டாரத்திலிருந்தும் 40 பேர் பட்டியலிலிருந்தும் வருவர். பல இன மக்கள் கலந்து வாழும் சில இடங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட வட்டாரங்களும் அமைக்கப்பட்டன.

இதன் கணக்கு எளிது. 10 இடம் கொண்ட மன்றத்தில் 6 வட்டாரங்கள். 4 பட்டியல் இடங்கள். மொத்தம் 10,000 வாக்குகளில் பூ 5,000, விளக்கு 3,000, படகு 2,000 பெற்றன. எனவே அவற்றுக்கு உரிய பங்கு முறையே 5, 3, 2. வட்டாரங்களில் பூ நான்கையும் விளக்கு இரண்டையும் வென்றன. படகு ஒன்றையும் வெல்லவில்லை. இப்போது பட்டியலிலிருந்து பூவுக்கு 1, விளக்குக்கு 1, படகுக்கு 2 வழங்கப்படும். வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினரும் கிடைத்தார். சிதறிய வாக்குக்கும் பங்கு கிடைத்தது.

பூ ஆறு வட்டாரங்களையும் வென்றுவிட்டால்? அதன் பங்கு ஐந்தே. எனினும் வென்ற இடத்தைப் பறிக்க முடியாது. விளக்குக்கு மூன்றும் படகுக்கு இரண்டும் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே மன்றத்தின் எண்ணிக்கை 11 ஆக உயரும். 2018-இல் இலங்கையில் இவ்வாறு பல மன்றங்களில் உறுப்பினர் எண்ணிக்கை கூடிற்று.

பெண்களுக்கு நூற்றுக்கு 25 இடம் என்னும் விதியும் அத்தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஊராட்சி மன்றங்களில் நூற்றுக்கு இருவர் என்னும் அளவிலேயே இருந்த பெண்கள், அத்தேர்தலுக்குப் பின் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் உயர்ந்தனர். கொழுந்து கொய்யும் கரங்கள் மன்றத்திலும் உயர்வதற்கு இவ்விதி வழி வகுத்தது.

குறைகளையும் அறிவோம்

எம்முறையும் குறையற்றதன்று. விகிதாசார முறையில் தனிப் பெரும்பான்மை கிட்டுவது அரிது; 2018-இல் இலங்கையின் பல மன்றங்களில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாமையால், தலைவரைத் தேர்ந்தெடுப்பதிலேயே இழுபறி நேர்ந்தது. பட்டியல் இடத்துக்கு யாரை அனுப்புவது என்பதைக் கட்சியே தீர்மானிப்பதால், மக்கள் அறியாத ஒருவர் மன்றத்தில் அமர்வதும் உண்டு. உறுப்பினர் தொகை பெருகினால் செலவும் பெருகும்.

தேர்தல் முறை எவ்வளவு நல்லதாயினும், தேர்தல் உரிய காலத்தில் நடைபெறாவிடில் பயனில்லை என்பதற்கும் அந்நாடே சான்று. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய ஊராட்சித் தேர்தல் நிதியின்மையைக் காரணங்காட்டி ஒத்திவைக்கப்பட்டது. இது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென 2024 ஆகஸ்டில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதியில் 2025 மே 6-ஆம் நாள் தேர்தல் நடந்தேறியது.

இன்று நமக்குள்ள வழிகள்

நம் நாட்டில் ஊராட்சி மன்றத்துக்குத் தேர்தல் இல்லையாயினும், மன்றத்தை அணுக வழியே இல்லை என்று எண்ணுதல் தவறு. சட்டம் தந்துள்ள வாயில்களை நாம் அறிந்து பயன்படுத்துதல் வேண்டும்.

முதலாவதாக, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு மன்றத்தில் 8 முதல் 24 உறுப்பினர் வரை நியமிக்கப்படலாம். அவருள் பெரும்பாலோர் அவ்வூரில் வாழ்வோராக இருத்தல் வேண்டும். ஊராட்சி அனுபவமோ தொழிற்சிறப்போ உடையவராகவோ, தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லவராகவோ இருத்தலும் வேண்டும். இக்கடைசித் தகுதி நாம் நன்கு நினைவிற்கொள்ள வேண்டியதாகும். தோட்டத்திலும் தாமானிலும் வாழும் நம்மவருள் தகுதியுடையோரை இனங்கண்டு, சட்டமன்ற உறுப்பினர் வாயிலாக மாநில அரசுக்கு எழுத்து மூலம் பரிந்துரைப்பது நம் கடமை.

இரண்டாவதாக, மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்ததென அதே சட்டம் கூறுகிறது. உம் வட்டாரத்துக்குப் பொறுப்பான உறுப்பினர் யார், அவர் அங்கே என்ன பேசுகிறார் என்பதை அறிய முற்படுக.

மூன்றாவதாக, நிலத்தின் பயன்பாட்டை வகுக்கும் உள்ளூர்த் திட்டத்தை முடிவு செய்யுமுன் அதன் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டுமென நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் விதிக்கிறது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறும்போது கோயிலும் பள்ளியும் இடுகாடும் அவ்வரைபடத்தில் உள்ளனவா என்று பார்த்தல் இன்றியமையாதது. இல்லையெனில், குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மரத்தை வெட்டிய பின் வரும் மனுவினும், வரைபடம் முடிவாகுமுன் வரும் மனுவுக்கே வலிமை அதிகம்.

நான்காவதாக, நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கு 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளராகப் பதியப்படுகின்றனர். அடையாளக் கார்டில் உள்ள முகவரியைக் கொண்டே தொகுதி குறிக்கப்படுகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகளாகியும் பழைய லயத்து முகவரியையே வைத்திருப்போர், வாழாத ஊரில் வாக்காளராக இருப்பர். தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றிக்கொள்ளுதல் ஒரு நாள் வேலையே. மாநில அரசே ஊராட்சி உறுப்பினரை நியமிப்பதால், சட்டமன்றத் தேர்தலில் அளிக்கும் வாக்கே ஊராட்சிக்கும் மறைமுகமாகச் செல்கிறது என்பதை மறத்தலாகாது.

இறுதியாக ஒன்று. விகிதாசார முறையைப் பழகுவதற்கு நாட்டுத் தேர்தல் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. கோயில் நிருவாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கக் கிளை ஆகியவற்றில் ஒரே அணி எல்லாப் பொறுப்புகளையும் பற்றிக்கொள்வதும், தோற்றோர் அடுத்த ஆண்டு முழுவதும் விலகி நிற்பதும் நாம் காணும் காட்சியே. வாக்குக்கு ஏற்பப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை அங்கே தொடங்கலாம். ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டுமாயின், வடத்தில் எல்லாக் கைகளுக்கும் இடம் இருத்தல் வேண்டும்.